தோடி காந்தாரம் கீபோர்டில் எங்கே இருக்கிறது?

கோயில் திருவிழா மெல்லிசைக் கச்சேரியில் கீபோர்டு வாசிப்பவரின் இடது கையைக் கவனியுங்கள். அவர் கர்நாடக சங்கீதம் கற்றவரா இல்லையா என்பதைப் பெரும்பாலும் அதிலேயே கண்டுபிடித்துவிடலாம். வலது கை யாருக்கும் கட்டைகள் மேல்தான் ஓடும். மேற்கத்திய முறையில் பழகியவருக்கு இடது கை கார்டு, அதாவது பல சுரங்களைச் சேர்த்து, பிடிப்பதற்கானது. சங்கீதம் கற்றவரின் இடது கையோ, ராகம் கொஞ்சம் கனமானதும் கருவியின் ஓரத்தில் இருக்கும் சின்னச் சக்கரத்துக்குப் போய்விடும். பிட்ச் பெண்ட் சக்கரம் என்பார்கள். அங்கே அந்தக் கைக்கு என்ன வேலை?

கீபோர்டில் ஒரு ஸ்தாயி (ஸட்ஜம் முதல் மேல் ஸட்ஜம் வரை) 12 சம படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கட்டையின் அதிர்வெண்ணும் முந்தையதைவிட ஏறத்தாழ 5.95 சதவீதம் அதிகம். ஒரு படியை 100 சென்ட் என்று கணக்கிடுவார்கள். ஒரு கட்டை சுருதியில் (கீபோர்டின் C கட்டை) ஸட்ஜம் 261.6 ஹெர்ட்ஸ் என்றால், தோடி ராகத்தில் வரும் ‘சாதாரண காந்தாரம்’ என்ற சுரம் மூன்று படி மேலே, 311.1 ஹெர்ட்ஸ்.

இப்படிச் சமமாக வெட்டியதுதான் நம் இசைக்குப் பகை என்று பலர் சொல்வதுண்டு. எனக்கு அது பாதிக் கதையாகவே படுகிறது. ஸட்ஜத்தோடு 3:2 விகிதத்தில் சேரும் சுத்தமான பஞ்சமத்துக்கும் கீபோர்டு பஞ்சமத்துக்கும் வித்தியாசம் 2 சென்ட். அது காதில் விழாது. சாதாரண காந்தாரத்துக்கு ஒரு படி மேலுள்ள அந்தர காந்தாரம் 14 சென்ட் தள்ளி நிற்கிறது. தம்புரா பக்கத்தில் இருந்தால் உறுத்தும், சரி. ஆனால் தோடி பாடும்போது காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. ரிஷபத்தின் பக்கத்திலிருந்து மத்யமத்தின் பக்கம் வரை ஊசலாடுகிறது. அந்த இரண்டுக்கும் நடுவே 400 சென்ட் தூரம். இதற்கு முன்னால் 14 சென்ட் எம்மாத்திரம்?

கரகரப்ரியாவின் காந்தாரத்துக்கும் கீபோர்டில் அதே கட்டைதான். அதன் அசைவு வேறு, அதனால் ராகமும் வேறாகக் கேட்கிறது. மேற்கத்தியப் பாடகர்களின் விப்ராட்டோவும் குரலை அசைப்பதுதான். அது நொடிக்கு ஐந்து முதல் ஏழு முறை, குறுகிய எல்லைக்குள், ஏறக்குறைய ஒரே சீராக வரும். நம் இசையில் சுரத்தை இப்படி அசைப்பதுதான் கமகம். அது பெரும்பாலும் விப்ராட்டோவைவிட மெதுவானது, அகலமானது. எங்கே தொட்டு எங்கே திரும்ப வேண்டும் என்பதை ராகம் தீர்மானிக்கிறது.

வீணையில் இதற்கு வழி சுலபம். தந்தியின் அதிர்வெண் அதன் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. மெட்டின் மேல் தந்தியை அழுத்திப் பக்கவாட்டில் இழுத்தால் இழுவிசை கூடும், சுரம் ஏறும். இரண்டு படி ஏற இழுவிசை சுமார் 26 சதவீதம் கூட வேண்டும். நான்கு படி என்றால் 59 சதவீதம். வைணிகரின் விரலில் தழும்பு ஏன் விழுகிறது என்று இப்போது புரியும். மாண்டலினில் தந்திகள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஜோடியை ஒரே விரலால் இழுத்தால் இரண்டும் ஒரே அளவில் ஏறுவது கடினம், சுருதி பிசிறும். யு. ஸ்ரீனிவாஸ் தன் மின் மாண்டலினில் ஜோடிகளை நீக்கி ஒற்றைத் தந்திகளாக ஐந்து வைத்துக்கொண்டார். கமகத்துக்கு அது பெரிய வசதி.

ஹார்மோனியத்துக்கு இந்த வழியே கிடையாது. உள்ளே இருக்கும் உலோக நாக்கின் நீளமும் கனமும் விறைப்பும் அதன் சுரத்தை நிர்ணயித்துவிடுகின்றன. காற்றை எப்படி அழுத்தினாலும் ஒலி கூடுமே தவிர சுரம் பெரிதாக நகராது. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஹார்மோனியத்தை ஒதுக்கி வைத்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இதுவும் ஒன்று. வித்வான்கள் சும்மா இருக்கவில்லை. அசைவைச் சின்னச் சின்னச் சுரங்களாக உடைத்து வேகமாக உருட்டினார்கள். வேகத்தில் காது ஏமாறும். விளம்பத்தில், அதாவது மெதுவான வாசிப்பில், குட்டு வெளிப்பட்டுவிடும்.

இப்போது சக்கரத்துக்கு வருவோம். 1983இல் வந்த மிடி என்ற பொது முறையில்தான் மின் இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசுகின்றன. சக்கரம் எங்கே நிற்கிறது என்பதை 16,384 நிலைகளில் ஒன்றாகச் சொல்ல அதில் இடம் உண்டு. சக்கரத்தை முழுக்க மேலே தள்ளினால் சுரம் இரண்டு படி ஏறும், முழுக்கக் கீழே இழுத்தால் இரண்டு படி இறங்கும். வழக்கமான அமைப்பு அதுதான். காந்தாரக் கட்டையை அழுத்திக்கொண்டு தள்ளிப் பாருங்கள்: மேலே மத்யமம், கீழே சுத்த ரிஷபம். தோடி காந்தாரத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி! வடிவமைத்தவர்கள் தோடியை நினைத்திருக்க வாய்ப்பில்லை. நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம்.

ஆனாலும் கீபோர்டின் வீணை ஒலியில் கமகம் பிடித்தால் ஒரு பொம்மைத்தனம் எட்டிப் பார்க்கிறதே, ஏன்? நிஜ வீணையில் தந்தியை இழுக்கும்போது தந்தியின் சுரம் மட்டும்தான் நகர்கிறது. ஒலியைப் பெருக்கும் மரக் குடத்தின் அதிர்வுப் பண்பு அப்படியே இருக்கிறது. தந்தியின் மேல்சுரங்கள் (அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து மெல்ல ஒலிப்பவை) அந்த நிலையான மரப் பெட்டியைக் கடந்து போகும்போது ஒன்று தூக்கலாகும், ஒன்று அடங்கும். கமகத்தின் வழியெங்கும் ஒலியின் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். பதிவு செய்த ஒலியை வைத்து இயங்கும் கீபோர்டோ அந்தப் பதிவையே வேகமாகவோ மெதுவாகவோ ஓட்டித்தான் சுரத்தை நகர்த்துகிறது. அப்போது குடமும் சேர்ந்து நகரும், அதாவது வீணையே நொடிக்கு நொடி சுருங்கி விரிவது போல. அனுபவமுள்ளவர்கள் தனி வாசிப்புக்குப் பதிவு ஒலியை விட்டுவிட்டு, மின்சுற்றே உருவாக்கும் எளிய சிந்தசைசர் ஒலியை எடுப்பதற்கு இது ஒரு நல்ல காரணம். அதற்குக் குடம் என்ற ஒன்று இல்லை, ஒப்பிட்டுக் குறை காணவும் யாராலும் முடியாது.

இன்னொரு சிக்கல், சக்கரம் ஒரு சேனலில் (மிடி செய்திகள் போகும் ஒரு தனி வழி) ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் சேர்த்தே இழுக்கும். கார்டு பிடித்தபடி மேலே ஒரு கமகம் போட்டால் கார்டும் கூடவே ஆடும். அதனால்தான் சுருதியையும் கார்டையும் வேறு சேனலுக்கோ இன்னொரு வாசிப்பாளருக்கோ கொடுத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனி சேனலில் அனுப்பி, தனித்தனியாக வளைக்கும் எம்பிஇ என்ற முறை 2018இல் ஏற்கப்பட்டது. அதற்கேற்ற கருவியில் விரலைக் கட்டையின் மேலேயே அசைக்கலாம், வீணையில் போல.

சாதாரணக் கீபோர்டில் ஸட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு வழுக்கிப் போகும் ஜாரு வந்தால் இரண்டு படி போதாது, ஏழு வேண்டும். எல்லையை ஏழாக்கினால் தோடி காந்தாரம் கெட்டுவிடும்: சக்கரம் ஒரு நூல் கூடுதலாக நகர்ந்தாலும் மத்யமத்தைத் தாண்டி எங்கோ போய் நிற்கும். ஆகவே எல்லையை இரண்டிலேயே விட்டுவிட்டு, சக்கரத்தைக் கீழே இழுத்த நிலையில் பஞ்சமக் கட்டையை அழுத்தி, கையை மெல்லத் தளர்த்துவது ஒரு தந்திரம். முழு வழுக்கல் அங்கே இல்லை, கடைசி இரண்டு படிதான் இருக்கிறது. மீதியைக் கேட்பவரின் காதே நிரப்பிக்கொள்கிறது. அதற்குத் தளர்த்தும் வேகம் சரியாக இருக்க வேண்டும். அந்த வேகத்தைப் பெரும்பாலானவர்கள் கற்றது கீபோர்டில் இல்லை, வாய்ப்பாட்டு வகுப்பில்.