கடைசி மாத்திரை எந்தத் தேதி, அடுத்த மாத்திரை எந்தத் தேதி?

ஏற்காட்டைத் தாண்டி ஒரு மலைக்கிராமத்திலிருந்து அந்த அம்மா வந்திருந்தார். வயது 46. கர்ப்பப்பைக் கட்டிக்கு ஆபரேஷன் முடிவாகி, மயக்க மருந்து தாங்குவாரா என்று பார்க்க என்னிடம் அனுப்பியிருந்தார்கள். பத்து வருடத்துக்கு முன் இதயத்தின் மைட்ரல் வால்வை மாற்றியிருக்கிறார்கள். சின்ன வயதில் தொண்டைப் புண், மூட்டுவலி என்று வந்துபோன ருமாட்டிக் காய்ச்சல், வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருக்கிறது. பொருத்தியிருப்பது சித்ரா வால்வு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவாகி, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைக்கப்பட்ட நம் நாட்டு வால்வு. அதில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்கத்தான் அசிட்ரோம் மாத்திரை.

"அசிட்ரோம் மாத்திரை கடைசியா எப்பம்மா சாப்பிட்டீங்க?"

"ஆச்சுங்க டாக்டரம்மா, பன்னெண்டு நாளு. ஆபரேசன்னா ரத்த மாத்திரைய நிறுத்திரணும்னு சொன்னாங்க. நிறுத்துனதும் போக்கும் கம்மியாயிருச்சு. நல்லாத்தான் இருக்கறனுங்க."

முதலில் குறித்த நாளில் அவருக்குக் காய்ச்சல். ஆபரேஷன் தள்ளிப்போயிருக்கிறது. தேதியை மாற்றிக் கொடுத்தவர்கள், மாத்திரையைத் திரும்பத் தொடங்கச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. பல மாதமாகப் படுத்திய உதிரப்போக்கு குறைந்திருக்கும்போது யாருக்குத்தான் கேட்கத் தோன்றும்?

ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். உலோக வால்வு மூடும் சத்தம் தனி. டிக், டிக் என்று கெட்டியாக விழும். ராத்திரி ஊர் அடங்கியபின் பக்கத்தில் படுத்திருக்கும் மகளுக்கே அது கேட்கும் என்றார் அந்த அம்மா. வால்வில் ரத்தம் கட்டிவிட்டால் அந்தச் சத்தம் மழுங்கிப்போகும். அன்று நான் வழக்கத்தைவிட நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். தெளிவாகத்தான் இருந்தது. ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர் பரிசோதனை பார்த்தால் 1.1. மைட்ரல் இடத்தில் உலோக வால்வு உள்ளவருக்கு அது 2.5க்கும் 3.5க்கும் நடுவில் இருக்க வேண்டும். எந்தப் பாதுகாப்பும் இல்லாமல், 20 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் நின்றுகொண்டே இறங்கி வந்திருக்கிறார். அன்றே வார்டில் சேர்த்து, எக்கோ எடுத்து, வால்வு நன்றாக அசைகிறது என்று உறுதி செய்துகொண்டு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியைத் தொடங்கினோம்.

ரத்தத்தை இளக்கும் மாத்திரை என்று பொதுவாகச் சொல்கிறோம். ரத்தம் அதனால் தண்ணீராகிவிடுவதில்லை, உறையும் வேகம்தான் குறைகிறது. அதை ஒவ்வொரு மாத்திரையும் ஒவ்வொரு வழியில் செய்கிறது. அதனால்தான் நிறுத்தும் கணக்கும் மாறுகிறது. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் தட்டணுக்களை முடக்குகின்றன. முடங்கிய தட்டணு மீண்டும் வேலைக்கு வராது, புதியது பிறந்துதான் ஆக வேண்டும். ஆகவே குளோபிடோக்ரெலுக்கு 5 நாள், அதே வகையைச் சேர்ந்த பிரசுக்ரெலுக்கு 7 நாள். வார்ஃபரினும் அசிட்ரோமும் வைட்டமின் கே வழியாக ஈரலில் உறைகாரணிகள் உருவாவதைக் குறைக்கின்றன. வார்ஃபரினை 5 நாள் முன் நிறுத்துவார்கள். அசிட்ரோம் உடம்பைவிட்டுச் சீக்கிரம் போய்விடும் என்பதால் பெரும்பாலும் 2, 3 நாளே போதும். ரிவராக்ஸபான், அபிக்ஸபான் போன்ற புது மாத்திரைகளுக்குச் சிறுநீரகம் நன்றாக இருந்தால் சிறிய ஆபரேஷனுக்கு ஒரு நாள், பெரியதற்கு இரண்டு நாள். டபிகட்ரான் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், சிறுநீரகம் மந்தமாகி ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியிருந்தால் கூடுதல் நாள் வேண்டும்.

இந்த எண்களைப் படித்துவிட்டு வீட்டிலேயே கணக்குப் போட்டு நிறுத்திவிடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்ன நாள் உங்களுக்குப் பொருந்தாது என்பதைக் காட்டத்தான் எழுதினேன்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்யும்போது நாள் கணக்கு இன்னும் முக்கியம். வயிற்றில் ரத்தம் கசிந்தால் சர்ஜன் கண்ணால் பார்ப்பார், அழுத்திப் பிடிப்பார், கட்டுவார். தண்டுவடத்தைச் சுற்றியுள்ள சின்ன ரத்தக்குழாய் ஒன்று ஊசி பட்டுக் கசிந்தால் எனக்குத் தெரியாது. அந்த இடுக்கில் ரத்தம் சேர்ந்து நரம்பை அழுத்தினால் கால்கள் செயலிழந்துபோகலாம். ஆஸ்பிரின் மட்டும் சாப்பிடுபவருக்கு அந்த ஊசி போடத் தடையில்லை. ரிவராக்ஸபான் சாப்பிட்டவருக்கு 3 நாள் இடைவெளி பார்ப்போம். "அதையெல்லாம் சொன்னா ஊசி போட மாட்டாங்க" என்று மறைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள். முழு மயக்கம் கொடுத்துச் செய்ய வழி இருக்கிறது.

பல வருடங்களுக்கு முன் நான் செய்த பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். அம்மாப்பேட்டையைச் சேர்ந்த கைத்தறி நெசவாளர். இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து 14 மாதம் ஆகியிருந்தது. குடலிறக்க ஆபரேஷன். "குளோபிடோக்ரெல் 5 நாள் நிறுத்தவும், ஆஸ்பிரின் தொடரவும்" என்று சரியாகத்தான் எழுதிக்கொடுத்தேன். அவர் சாப்பிட்டது இரண்டும் சேர்ந்த ஒரே கேப்சூல். அதை நிறுத்தினார், ஆஸ்பிரினும் அதோடு போயிற்று. அட்டையை வாங்கிப் பார்த்திருந்தால், இந்த ஐந்து நாளுக்குத் தனி ஆஸ்பிரின் எழுதியிருப்பேன். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பிய சீட்டில் ஆன்டிபயாடிக்கும் வலி மாத்திரையும் இருந்தன, இதய மாத்திரை இல்லை. யாராவது சொல்வார்கள் என்று அவர் காத்திருந்திருக்கிறார். பத்தொன்பதாம் நாள் தறிக்குழியில் உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சுவலி. அடைத்துப்போன ஸ்டென்டைத் திறந்து உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் இதயம் பலவீனமாகிவிட்டது, மிதிகட்டையை மிதித்து நெய்யும் தெம்பு திரும்பவில்லை. என் கையெழுத்துப் போட்ட அந்தச் சீட்டில் எப்போது நிறுத்துவது என்று இருந்தது. எப்போது தொடங்குவது என்று இல்லை.

அதற்குப் பிறகு "5 நாள் முன்" என்று எழுதுவதை விட்டுவிட்டேன். ஆபரேஷன் நாளைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று குழப்பம் வரும். 14ஆம் தேதி ஆபரேஷன் என்றால், "வார்ஃபரின் கடைசி மாத்திரை 8ஆம் தேதி ராத்திரி" என்று மாத்திரைக் கவர் மேலேயே எழுதுகிறேன். அதன் கீழே "மறுபடி தொடங்குவது" என்று ஒரு கோடு. ஆபரேஷன் முடிந்தபின் சர்ஜனைக் கேட்டு அந்தக் கோட்டை நிரப்பாமல் நோயாளியை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று வார்டு சிஸ்டர்களிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். ரத்தக் கசிவு இல்லையென்றால் வார்ஃபரினை அன்று ராத்திரியோ மறுநாளோ தொடங்கிவிடலாம். அது முழுதாக வேலை செய்ய ஐந்தாறு நாள் ஆகும் என்பதால், உலோக வால்வுக்காரர்களுக்கு அதுவரை ஹெப்பாரின் ஊசி தொடரும்.

எல்லோருக்கும் அந்த இடைக்கால ஊசி தேவையில்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் ஒழுங்கற்ற துடிப்புக்காக வார்ஃபரின் சாப்பிட்ட 1884 பேரை வைத்து நடந்த பிரிட்ஜ் ஆய்வு 2015இல் வெளிவந்தது. ஊசி போட்டவர்களுக்கு ரத்தக்கட்டி குறையவில்லை, பெரிய ரத்தக்கசிவுதான் 1.3 சதவீதத்திலிருந்து 3.2 சதவீதமாகக் கூடியிருந்தது. "போன தடவை எங்க அப்பாவுக்கு வயித்துல ஊசி போட்டாங்களே, இப்ப ஏன் போடல?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஸ்டென்ட் வைத்தவர்கள் அவசரமில்லாத ஆபரேஷனைத் தள்ளிப்போடுவது நல்லது. மாரடைப்புக்காக வைத்ததென்றால் ஒரு வருடம், இல்லையென்றால் ஆறு மாதம். புற்றுநோய்போல் காத்திருக்க முடியாததென்றால் இதய மருத்துவரும் சர்ஜனும் பேசி முடிவெடுப்பார்கள்.

பல் பிடுங்கவும் கண்புரை ஆபரேஷனுக்கும் பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தவே வேண்டாம். பல் பிடுங்கிய இடத்தில் தையல் போட்டு, டிரானெக்சாமிக் அமிலத்தில் நனைத்த பஞ்சைக் கடித்துக்கொண்டால் ரத்தம் நிற்கும். ஐ.என்.ஆர் எல்லைக்குள் இருக்கிறதா என்று முதல் நாள் பார்த்துக்கொண்டால் போதும். உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பல்வலி என்று மருந்துக்கடையில் மெட்ரோனிடசோலும் வலி மாத்திரையும் கேட்டு வாங்கி, அசிட்ரோமோடு சேர்த்து விழுங்குவார்கள். மெட்ரோனிடசோல் ஐ.என்.ஆரைத் தாறுமாறாக ஏற்றிவிடும், வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும். ஈறில் ரத்தம், கறுப்பாக மலம் என்று வந்து சேருவார்கள்.

மலைக்கிராமத்து அம்மாவுக்கு ஆறாம் நாள் ஆபரேஷன் நடந்தது. ஹெப்பாரினை அதிகாலையில் நிறுத்தி, முழு மயக்கத்தில் செய்தோம். மறுநாள் ராத்திரி அசிட்ரோம் தொடங்கியாயிற்று. ஐ.என்.ஆர் 2.6 ஆன பிறகே அனுப்பினோம். எழுதப் படிக்க அவருக்குச் சிரமம். அதனால் மகள் தினசரி காலண்டரில் ஐ.என்.ஆர் பார்க்க வேண்டிய நாள்களின் தாளை மட்டும் மூலை மடித்து வைத்திருந்தாள். அடுத்த தடவை வந்தபோது கிழித்த தாளையும் பையில் போட்டுக் கொண்டுவந்து, மாத்திரை அட்டைகளோடு என் மேசையில் வைத்தார்.

"எல்லாத்தையும் கொண்டாந்திருக்கறனுங்க, எண்ணிப் பாத்துக்கங்க."

எண்ணினேன். ஒன்றும் விடுபடவில்லை.