கையசைக்கும் தேரை

பனாமாவின் நடுவே, அணைந்த எரிமலை வாயொன்றுக்குள் அமைந்த ஊர் எல் வாயே. சுற்றியுள்ள மலைகளில் பாறைக்குப் பாறை மோதி இறங்கும் ஓடைகள். பளிச்சென்ற மஞ்சளில் கரும்புள்ளிகள் கொண்ட விரல்நீளத் தேரை அங்கே வாழ்ந்தது. பனாமாவில் அதற்குத் தங்கத் தவளை என்று பெயர். ஆனால் அது தேரைக் குடும்பத்தின் அட்டெலோபஸ் பேரினத்தைச் சேர்ந்தது. அறிவியல் பெயர் அட்டெலோபஸ் செடெக்கி.

நீரிரைச்சலில் குரல் எடுபடாது. அதனால் இந்தத் தேரை கையை உயர்த்தி அசைக்கிறது. எதிரியை எச்சரிப்பதும் துணையிடம் பேசுவதும் அந்த அசைவில்தான். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் நடனத் தவளைகள் ஓடைக்கரையில் காலை நீட்டிக் காட்டுவதும் இதே தேவையால்தான்.

தலைப்பிரட்டையின் வயிற்றில் ஓர் உறிஞ்சி உண்டு. வெள்ளம் இழுத்தாலும் பாறையைப் பற்றிக்கொள்ளும். பாய்ந்தோடும் தெளிந்த நீருக்கென்றே வார்த்த உடல் என்பதால் அதன் வாழிடம் ஒருசில மலைகளுக்குள் அடங்கிப்போனது.

அந்த நீர் வழியாகவே சாவும் வந்தது. 2004 இறுதியில் மேற்கே எல் கோப்பே காட்டில் தவளைகளைக் கொன்று குவித்த கைட்ரிட் பூஞ்சை, 2006இல் எல் வாயேவை எட்டியது. அதன் வித்துகளுக்கு வால் உண்டு. நீந்தி வந்து தோலுக்குள் புகுந்துவிடும். தேரைக்குத் தோல் வெறும் போர்வையன்று. நீரைக் குடிப்பதும் உப்பைச் சீராக வைத்திருப்பதும் தோல்தான். பூஞ்சை அதைச் சிதைத்ததும் இரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் சரிந்து, இதயம் நின்றுபோகிறது. பகைவர்களை விரட்ட அந்தத் தோலில் கடும் நஞ்சு இருக்கிறது; பூஞ்சையிடம் அது காக்கவில்லை. பூஞ்சை பற்றி வளர்வது தோலிலுள்ள கெரட்டின் என்ற புரதத்தில். தலைப்பிரட்டைக்கு வாய்ப்பகுதியில் மட்டுமே அது இருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடும். கால் முளைத்து உடலெங்கும் புதுத்தோல் வந்த பிறகே நோய் முற்றுகிறது. பிழைத்துக் கரையேறிய குட்டிகளை அப்போது இழப்பதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

இந்தப் பூஞ்சைக்கு 17 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை உகந்த வெப்பம். தேரை விரும்பிய குளிர்ந்த மலை, பூஞ்சைக்கும் பிடித்த இடமாகிவிட்டது.

நோய் நெருங்கியபோது, பிடித்துக் காப்பாற்றிய தவளைகளை எல் வாயேவில் ஒரு ஹோட்டல் அறைகளில் வைத்துப் பராமரித்தார்கள். காட்டில் தங்கத் தவளையைக் கண்டு பல ஆண்டுகளாகின்றன. ஆகஸ்ட் 14ஐ அதற்கான தேசிய நாளாகப் பனாமா கொண்டாடுகிறது. காப்பகங்களில் அவற்றின் வாரிசுகள் பெருகியிருக்கின்றன. ஓடையின் இரைச்சலே எட்டாத கண்ணாடித் தொட்டிக்குள்ளும் அவை கையை உயர்த்தி அசைக்கின்றன.