முதலாளி மாப்பிள்ளை கையெழுத்து

ஒரு குடும்ப நிறுவனத்தில் இன்டர்னல் ஆடிட். வவுச்சரின் அடியில் மூன்று கட்டங்கள்: தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர். மூன்றிலும் ஒரே கிறுக்கல், ஒரே பச்சை மை. யார் இது என்று கேட்டேன். "முதலாளி மாப்பிள்ளை சார்" என்றார் அக்கவுண்டன்ட். இதற்கு மேல் கேட்காதீர்கள் என்பதும் அந்தக் குரலிலேயே இருந்தது.

இப்படிப்பட்ட வவுச்சர்களைப் பார்த்தால் எனக்கு டென்மார்க்கின் கோர்ஃபிட்ஸ் உல்ஃபெல்ட் நினைவுக்கு வருவார். பிரபு குடும்பம், அப்பா அரசின் சான்சலர். 1636-இல் மன்னர் நான்காம் கிறிஸ்டியானின் மகள் லியோனோரா கிறிஸ்டினாவைக் கட்டினார். அடுத்த வருடமே கோபன்ஹேகனுக்கு ஆளுநர். 1643-இல் மன்னருக்கு அடுத்த பதவி. நாட்டின் வரவு செலவு மொத்தமும் அவர் கையில். கடற்படைக்குச் சரக்கு வாங்கியதில் பணம் பார்த்தார் என்ற பேச்சு எழுந்தது. கடைசிக் காலத்தில் மாமனாருக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் உட்கார வைத்து முழுக் கணக்குக் கேட்டது 1648-இல் மாமனார் கண்ணை மூடி, அவர் மகன் மூன்றாம் ஃபிரெடரிக், அதாவது உல்ஃபெல்டின் மைத்துனர், பட்டத்துக்கு வந்த பிறகுதான். என் அனுபவத்திலும் அப்படித்தான். பெரியவர் போன பிறகுதான் பீரோவைத் திறக்கிறார்கள்.

இதில் இன்னொரு மாப்பிள்ளையும் உண்டு. அன்று டென்மார்க் மன்னரின் கீழிருந்த நார்வேயை நிர்வகித்த ஹனிபல் செஹெஸ்டெட்; மன்னரின் இன்னொரு மகளைக் கட்டியவர். 1651-இல் தப்பை ஒப்புக்கொண்டு சொத்தை எழுதிக்கொடுத்தார். 1660-இல் அவரையே நாட்டின் பொக்கிஷதாரராக உட்கார வைத்தார்கள்! எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவான் அதற்கு?

உல்ஃபெல்ட் அதே 1651-இல் குடும்பத்தோடு ஓடிப்போனார். ஸ்வீடனில் தஞ்சம். 1657-இல் ஸ்வீடன் மன்னர் டென்மார்க்கின் மேல் படையெடுத்தபோது கூடவே வந்தார். மறுவருடம் ரோஸ்கில்ட உடன்படிக்கையில் எதிரிப் பக்கம் உட்கார்ந்து பேரம் பேசினார். இன்று ஸ்வீடனின் தென்கோடியாக இருக்கும் ஸ்கோனே உட்பட பல பகுதிகள் டென்மார்க்கின் கையை விட்டுப் போயின.

சரி, நம் கம்பெனிக்கு வருவோம். மாப்பிள்ளை திருடுகிறார் என்று நான் எழுதவில்லை. ஆர்டர் போடுபவர், சரக்கை எண்ணி இறக்குபவர், செக் போடுபவர் மூவரும் வேறு வேறு ஆளாக இருக்கட்டும் என்றுதான் எழுதினேன். அது அவருக்கும் நல்லது. நாளைக்கு மைத்துனர் கேட்டால் காட்ட ஒரு காகிதம் இருக்கும்.

உல்ஃபெல்டின் கோபன்ஹேகன் வீட்டை இடித்து, 1664-இல் அங்கே ஒரு கல்தூண் நட்டார்கள். துரோகி என்று பெயரோடு வெட்டியிருக்கிறது. சரக்கு பில்லைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.