தடுப்பூசிக்குப் பின் பாதிப்பா? இழப்பீடு கேட்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பாளையங்கோட்டை நீதிமன்றத்தில் வழக்காடுகிறவன் நான். ஊசி போட்டதால்தான் பிள்ளைக்கு இப்படி ஆகிவிட்டது என்று வள்ளியூர், களக்காடு பக்கமிருந்து வருகிற பெற்றோர் கையில் பெரும்பாலும் இருப்பது செல்போனில் நாலு படமும் ஒரு டிஸ்சார்ஜ் சீட்டும்தான். அவர்கள் வேதனை உண்மை. ஆனால் அதை மட்டும் வைத்து வழக்கு நிற்காது.

ஊசிக்குப் பிறகு வந்தது வேறு, ஊசியால் வந்தது வேறு. அமெரிக்காவில் 1986-ல் வந்த சட்டப்படி, யார் தவறு என்று நிரூபிக்காமலேயே இழப்பீடு கேட்கலாம். நம் நாடாளுமன்றம் அப்படியொரு தனிச் சட்டம் இயற்றவில்லை. அதனால் நிரூபிக்கும் பாரம் பெற்றவர்கள் தலையில்தான்.

புதன்கிழமை ஊசி போட்ட குழந்தைக்கு வலிப்போ மூச்சுத்திணறலோ வந்தால், முதல் வேலை ஆஸ்பத்திரிக்கு ஓடுவது. ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியானாலும் சரி, தனியார் ஆனாலும் சரி, என்ன ஊசி, எத்தனை மணிக்குப் போட்டது என்பதை டாக்டரிடம் சொல்லி கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். ஊசி அட்டை, மருந்தின் பேட்ச் எண், அதே குப்பியில் வேறு யாருக்குப் போட்டார்கள் என்ற விவரம் எல்லாம் வேண்டும். சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு விதி.

கடுமையான பாதிப்புகளை விசாரிக்க மாவட்ட அளவிலேயே குழு உண்டு. மருந்தின் தன்மையா, தயாரிப்புக் குறையா, போட்ட முறையில் தவறா, தற்செயலாக வந்த நோயா என்று பிரித்துப் பார்ப்பார்கள். தகவல் போதாவிட்டால் வகைப்படுத்த இயலாதது என்று முடித்துவிடுவார்கள். அப்படி முடிந்த கோப்பை வைத்து வாதாடுவது பெரும்பாடு.

குழந்தை இறந்துவிட்டால் பிரேதப் பரிசோதனை. “பச்சப்புள்ளய அறுக்கச் சொல்லுதியளா?” என்று ஒரு ஆச்சி என்னிடம் கேட்டார்கள். பதில் சொல்ல நாக்கு எழவில்லை. ஆனாலும் அடக்கம் செய்துவிட்டால் காரணம் தெரியும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது.

காசு கட்டித் தனியாரிடம் போட்ட ஊசி என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கெடு 2 ஆண்டு. அரசு இலவசமாகப் போட்டது நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. உரிமையியல் நீதிமன்றமோ, உயர்நீதிமன்ற மதுரைக் கிளையோதான் வழி. அரசு மீது உரிமையியல் வழக்கு என்றால் பொதுவாக 2 மாத முன்னறிவிப்பும் கொடுக்க வேண்டும்.

லட்சக்கணக்கில் வாங்கித் தருகிறேன் என்று வீடு தேடி வருகிறவர்களிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் பெற 1987-ம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. தாயின் பேரிலோ குழந்தையின் பேரிலோ மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். அதற்காக நகையை அடகு வைக்க வேண்டியதில்லை.