திறக்கத் தசை இல்லாத சிப்பி நீந்துவது எப்படி?

இரட்டை ஓட்டுச் சிப்பிகளில் பெரும்பாலானவை மண்ணில் புதைந்தோ பாறையில் ஒட்டியோ வாழ்பவை. ஸ்காலப் சிப்பியோ ஓடுகளை அடித்து நீந்துகிறது. வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரத்தில் வாழும் பிளாகோபெக்டன் மகெலானிகஸ் என்ற ஸ்காலப் இனம் இதில் கைதேர்ந்தது.

இரு ஓடுகளையும் சேர்த்து மூட நடுவில் ஒரு தடித்த தசை உண்டு. திறப்பதற்கென்று எந்தத் தசையும் இல்லை. தசையால் இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. தள்ளும் வேலையைக் கீலின் உட்புறம் உள்ள முக்கோணத் திண்டு பார்த்துக்கொள்கிறது. அப்டக்டின் என்ற ரப்பர் போன்ற புரதத்தால் ஆனது அது. ஓடு மூடும்போது அமுங்குகிறது. தசை தளர்ந்ததும் விரிந்து ஓட்டைத் திறக்கிறது. அமுக்கியதற்குச் செலவான ஆற்றலில் சுமார் 90 விழுக்காட்டைத் திருப்பித் தந்துவிடுகிறது, அருமையான பொருள்! செத்த மட்டி வாய் பிளந்து கிடப்பதும் இப்படித்தான்: மூடிப் பிடிக்கும் தசை விட்டுப்போக, கீல் பக்கத்து மீள்திசு ஓட்டைத் திறந்துவிடுகிறது.

ஓடு திறக்கும்போது உள்ளே வந்த நீர், மூடும்போது எங்கே போகிறது? ஓட்டின் விளிம்பை ஒட்டித் திரைபோல ஒரு தோல் மடிப்பு உள்ளது. அது முன்பக்கத்தை அடைத்துக்கொள்ள, நீர் கீலின் இருபுறமும் பின்னோக்கிப் பீறிடுகிறது. சிப்பி வாய்ப்பக்கமாக முன்னே பாய்கிறது. கடல் நட்சத்திரம் தீண்டினால் கதை மாறும். திரை முன்பக்கம் வழிவிட, நீர் அந்த வழியே வெளியேறும். சிப்பி கீல் பக்கமாகத் துள்ளி விலகும்.

நீந்த ஓடு இலேசாக இருக்க வேண்டும், உடையவும் கூடாது. ஐரோப்பாவின் பெக்டன் மாக்சிமஸில் விசிறி மடிப்புகள் மெல்லிய ஓட்டுக்கு விறைப்புத் தருகின்றன. பிளாகோபெக்டனில் அத்தகைய தடித்த மடிப்புகள் கிடையாது. மேல் ஓடு சற்றுக் கூடுதலாகக் குவிந்திருப்பதால் நீரில் மேலெழும் விசை கிடைக்கிறது. ஓட்டின்மேல் கொட்டலசு (ஒட்டி வாழும் சிறு கடலுயிரி) படிந்தால் எடை கூடும், நீர்த்தடையும் கூடும், நீச்சல் குன்றும். வயதாகி ஓடு கனத்தாலும் அதே நிலைதான்.

நடுத்தசையில் இரண்டு பகுதிகள். பெரியது வேகமாகச் சுருங்கும், விரைவில் களைக்கும். சமையலுக்கு விற்கும் வெள்ளை உருளை இதுவே. பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறு பட்டை மெதுவாக இயங்கும். ஆனால் அதிக ஆற்றல் செலவின்றி ஓட்டை நெடுநேரம் இறுகப் பிடிக்கும். சமைத்தால் சவக்சவக்கென்று இருப்பதால் முன்பே பிய்த்துப் போடுகிறார்கள். ஓடுகளைச் சில டஜன் முறை அடித்ததுமே, பெரிய தசைக்கு உடனடி ஆற்றல் தரும் ஆர்ஜினைன் பாஸ்பேட் இருப்பு கரைந்துவிடும். பிறகு சிப்பி கடலடியில் படுத்து ஓட்டை மூடிக்கொள்ளும். முழு வலு திரும்ப மணிக்கணக்காகும். அதுவரை காவல் அந்தச் சிறு பட்டைதான்.