கையெழுத்து வாங்கியது போதாது

போன வாரமும் அதே கதை. இன்டர்ன்ஷிப்புக்கு வந்து மூன்று வாரமே ஆன மாணவர் ஒருவர், தான் பேட்டி கண்ட பெண்ணின் படத்தைச் சமூக ஊடகத்தில் போட்டிருந்தார். கணவனின் அடி, வீட்டை விட்டு வெளியேறிய இரவு, இப்போது தங்கியிருக்கும் இடம், எல்லாம் படத்துக்குக் கீழே. கூப்பிட்டுக் கேட்டேன். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "ஒப்புதல் படிவத்துல கையெழுத்து வாங்கியிருக்கேனே மேடம்."

ஒன்றரைப் பக்கம் பொடி எழுத்து. அடியில் ஒரு நடுங்கிய கையெழுத்து. அந்தப் பெண்ணிடம் போய்க் கேட்டேன். "போடலைன்னா இங்க தங்க விடமாட்டாங்களோன்னு நெனச்சேம்மா" என்றார். படத்தை அன்றே எடுக்க வைத்தோம். அதற்குள் யார் பார்த்தார்களோ தெரியாது. அவரை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

பல வருடங்களாக மாணவர்களின் களப்பணியை மேற்பார்வை செய்கிறேன். எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இதுதான்: படிவம் என்பது ஒப்புதல் அல்ல. ஒப்புதல் கொடுத்ததற்கான அத்தாட்சி, அவ்வளவுதான். எதிரில் இருப்பவருக்கு விஷயம் புரிய வேண்டும். "முடியாது" என்று சொன்னாலும் தனக்கு எந்த நஷ்டமும் வராது என்று அவர் நம்ப வேண்டும். இன்று சரி என்றவர் நாளை வேண்டாம் என்றால், அதுவும் செல்ல வேண்டும். தங்க இடம் கொடுத்திருக்கும் அமைப்பின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மாணவர்களான நீங்கள் கேட்கும்போது, அவரால் எப்படி மறுக்க முடியும்?

டஸ்கீகி ஆய்வை எல்லாரும் வகுப்பில் படித்தவர்கள்தான். மருந்து கொடுக்காவிட்டால் மேகநோய் (சிஃபிலிஸ்) எப்படி முற்றும் என்று பார்க்க, 1932-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை தொடங்கியது. சுமார் 600 கறுப்பின ஆண்கள். "கெட்ட ரத்தத்துக்கு" வைத்தியம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். 1947-க்குள் மேகநோய்க்குப் பென்சிலின் வழக்கமான மருந்தாகிவிட்ட பிறகும் அவர்களில் நோய் இருந்தவர்களுக்குக் கொடுக்கவில்லை. 1972 வரை நடந்தது. மனிதர்களை வைத்து நடக்கும் ஆய்வுகளுக்கு அறநெறி வகுத்த பெல்மான்ட் அறிக்கை 1979-இல் வந்ததற்கு அதுவே முக்கியக் காரணம். மனிதருக்கு மரியாதை, நன்மை செய்தல், நீதி என்ற அதன் மூன்று கொள்கைகளையும் தேர்வில் பிழையில்லாமல் எழுதுகிறீர்கள். களத்தில் கால் வைத்ததும் அது எங்கே போகிறது?

இன்னொன்று. அறிக்கை தவறாமல் "மக்கள் பங்கேற்புடன்" என்று எழுதாதீர்கள். ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1969-இல் பங்கேற்பை எட்டுப் படிகளாகப் பிரித்தார். மேல் படியில் முடிவெடுக்கும் அதிகாரம் மக்கள் கையில். நீங்கள் கூட்டம் போட்டு, நீங்களே பேசி, வருகைப் பதிவு வாங்கிய நாள் அதில் எந்தப் படி என்று நேர்மையாகக் குறியுங்கள்.

முதல் வாரம் போனை வெளியே எடுக்க வேண்டாம். படிவத்தை நீட்டாதீர்கள், வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். பிறகு, "நான் என்ன சொன்னேன், உங்க வார்த்தையில சொல்லுங்கம்மா" என்று கேளுங்கள். குறிப்பேட்டில் முதல் நாளிலிருந்தே பெயரையும் ஊரையும் மாற்றி எழுதுங்கள். முகம் தெரியும் படம் எதற்கும் வேண்டாம், மேற்பார்வையாளரே கேட்டாலும். பேராசிரியர்களே, அறநெறி வகுப்பைத் தயவுசெய்து களத்துக்கு அனுப்பும் முன்பே முடித்துவிடுங்கள்.

பேச மனமில்லை என்று அவர் சொன்னால், கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வாருங்கள். அறிக்கையில் அந்தப் பக்கம் காலியாக இருந்தால் நான் மார்க் குறைக்க மாட்டேன்.