கடல் தொழிலாளிக்கு மாதம் 5,000 ஓய்வூதியம்: எதற்குப் போதும், எதற்குப் போதாது?

பாம்பன் சின்னப்பாலத்தில் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடல்பாசி எடுக்கும் பெண்ணுக்கும், மண்டபத்தில் விசைப்படகில் பங்குக்குப் போகும் தொழிலாளிக்கும் சம்பளத்தில் பிடித்து வைக்கும் வைப்புநிதி கிடையாது. முதுமைக்குத் தாங்களே சேர்த்தால்தான் உண்டு. இப்படிப்பட்டவர்களை மனத்தில் வைத்து மத்திய அரசு 2015-ல் தொடங்கியதுதான் அடல் பென்ஷன் யோஜனா.

வங்கி அல்லது அஞ்சலகத்தில் சேமிப்புக் கணக்கு உள்ள, 18 முதல் 40 வயது வரையிலானவர்கள் சேரலாம். வருமான வரி செலுத்துவோர் 2022 அக்டோபர் முதல் சேர முடியாது. 60 வயதுக்குப் பிறகு ஆயுள் முழுவதும் மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை, நீங்கள் தேர்ந்தெடுத்த தொகை உத்தரவாதமாகக் கிடைக்கும். 5,000 ரூபாய்க்கு 18 வயதில் சேர்பவர் மாதம் கட்ட வேண்டியது 210 ரூபாய். 30 வயதில் 577. 40 வயது வரை தள்ளிப்போட்டால் 1,454. பிள்ளை படகேறத் தொடங்கும்போதே சேர்த்துவிடச் சொல்வது இதனால்தான்.

இனி, அந்தப் பணம் போதுமா என்று பார்ப்போம். சொந்த வீட்டில், கடனில்லாமல் இருவர் வாழ இன்று மாதம் 10,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், 30 ஆண்டு கழித்து அதே அரிசி, அதே மருந்துக்கு ஏறத்தாழ 43,000 ரூபாய் வேண்டும். அன்று கையில் வரும் 5,000 ரூபாய், இன்றைய மதிப்பில் சுமார் 1,150 ரூபாய்தான். கணவன், மனைவி இருவரும் தனித்தனியே சேரலாம். சேர வேண்டும் என்பேன். அப்போதும் மாதம் 10,000தான். மீதிக்கு வேறு சேமிப்பு கட்டாயம் தேவை. ஓய்வூதியம் இருக்கிறதே என்று அதை நிறுத்திவிடாதீர்கள்.

நம் கடற்கரைக்கு முக்கியமான சங்கதி, பணம் கட்டும் முறை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம்; விசைப்படகுகள் கரையில் நிற்கும், பங்குப் பணம் வராது. அந்த நேரத்தில் கணக்கில் இருப்பு இல்லாமல் தவணை தவறினால், 100 ரூபாய்க்கு மாதம் 1 ரூபாய் வீதம் தாமதக் கட்டணம் சேரும். மாதத் தவணை தவிர, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்ற வழிகளும் உண்டு. மீன்பாடு நன்றாக இருக்கும் மாதத்தில் மொத்தமாகப் பிடித்துக்கொள்ளும்படி அமைவது நல்லது. எந்த மாதத்தில் பிடிப்பார்கள் என்று சேரும்போதே வங்கியில் கேட்டுவிடுங்கள். வருமானம் குறைந்தால் ஓய்வூதியத் தொகையை ஆண்டுக்கு ஒருமுறை குறைக்கலாம், பிறகு கூட்டவும் செய்யலாம்.

அவசரத்துக்கு இதில் கை வைக்க வேண்டாம். 60 வயதுக்கு முன் தானாக விலகினால், கட்டிய பணமும் அதன் வருவாயும், கட்டணங்கள் போகத் திரும்பும். உத்தரவாத ஓய்வூதியம் போய்விடும். வலைக்கும் இன்ஜினுக்குமான பணத்தைத் தனியாக வையுங்கள்.

60 வயதுக்குப் பிறகு சந்தாதாரர் இறந்தால் அதே ஓய்வூதியம் வாழ்க்கைத் துணைக்கு வரும். இருவரும் மறைந்த பின், 5,000 ரூபாய் பிரிவில் சுமார் 8.5 லட்சம் ரூபாய் நாமினிக்குச் சேரும். சேர்ந்ததும் தரப்படும் பிரான் (PRAN) எண்ணை, அதாவது உங்கள் ஓய்வூதியக் கணக்கு எண்ணை, பாஸ்புக்கில் எழுதி, அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.